மஞ்சள் காலணிக் குத்தகையாளரும் ஒரு 'லா'வும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜூலை பிறந்துவிட்டால் சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் தாழ்வாரங்களில் தேசியக் கொடிகள் தொங்கத் தொடங்கிவிடும். முதல் இரண்டு நாள் நிமிர்ந்து பார்ப்போம். அதன் பிறகு, செப்டம்பர் முடிந்து அவற்றை எடுத்து மடித்து வைக்கும்வரை, துணி காயப்போடும் மூங்கில் கழியைப் போல அவையும் கண்ணில் படாத பொருள்களாகிவிடும். ஒரு நாட்டுக்காரர் என்ற உணர்வும் பெரும்பாலும் இப்படித்தான், பார்த்துப் பார்த்துப் பழகியதால் பார்க்கவே மறந்துபோன பொருள்களிலும் பேச்சிலும் தங்கியிருக்கிறது. அவற்றை நமக்கு மறுபடியும் எடுத்துக்காட்டும் வேலையைத் தேசிய தின அணிவகுப்பைவிடத் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்களே நன்றாகச் செய்து வந்திருக்கின்றன என்று எண்ணுகிறேன். பள்ளி விடுமுறையில் என் பேத்தி பழைய 'புவா சூ காங் பிரைவேட் லிமிடெட்' பகுதிகளைக் கைப்பேசியில் பார்த்து விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள். இடையில் தலை நிமிர்த்தி, "தாத்தா, நம்ம வீடு மாதிரி வீடு எதுல வரும்?" என்று கேட்டாள். உடனே பதில் சொல்ல முடியவில்லை. இந்தக் கடிதம் அந்தக் கேள்வியிலிருந்து வந்ததுதான்.

இளைய வாசகர்களுக்காக ஒரு சொல். ஒளிவழி 5-இல் 1997 முதல் 2007 வரை வந்த அந்தத் தொடரின் நாயகன் புவா சூ காங், வீட்டுப் புதுப்பிப்பு வேலை எடுத்துச் செய்யும் ஒரு சிறு குத்தகையாளர். சுருட்டை முடி, முகத்தில் பெரிய மச்சம், காலில் பளீரென்ற மஞ்சள் ரப்பர் காலணி. குர்மிட் சிங் அந்த வேடத்தைப் போட்டார். சிங்கப்பூரை ஒரே ஆளுக்குள் அடக்கிக் காட்ட வேண்டும் என்று நினைத்தவர்கள் அமைச்சரையோ, ராணுவ வீரரையோ, கப்பல்துறைத் தொழிலாளியையோ தேர்ந்தெடுக்காமல், ஓடு பதிக்கிறவரைத் தேர்ந்தெடுத்ததில் இருக்கும் நுட்பத்தை நான் பல ஆண்டுகள் கழித்துத்தான் உணர்ந்தேன். அரசாங்க அடுக்குமாடி வீடுகளைக் கட்டும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) 1960-இல் தொடங்கப்பட்டது. இன்று இங்குக் குடியிருப்போரில் 10 பேரில் ஏறக்குறைய 8 பேர் வீவக வீடுகளில்தான் வாழ்கிறார்கள். சாவியை வாங்கிக்கொண்டு வெறும் சிமெண்டுத் தரையில் நின்று சுவரைத் தட்டிப் பார்க்கும் அந்தத் தருணம் சீனர், மலாய்க்காரர், இந்தியர் என்று பாராமல் எல்லாக் குடும்பத்துக்கும் வந்திருக்கிறது. அந்தத் தருணத்தில் எல்லாருக்கும் தேவைப்பட்டவர் காதில் பென்சில் செருகிய ஒரு குத்தகையாளர்.

எங்கள் வீட்டுக்கும் 1998-இல் ஒருவர் வந்தார். சமையலறைத் தரையை வாட்டம் பார்க்காமல் போட்டுவிட்டார். கழுவிவிட்ட தண்ணீர் வடிகாலுக்குப் போகாமல், நேரே கூடத்தை நோக்கி ஓடி வந்து தொலைக்காட்சிப் பெட்டியின் அடியில் தேங்கியது. கூப்பிட்டுக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார், சுண்டுவிரலால் தண்ணீரைத் தொட்டுப் பார்த்தார், பிறகு மிகுந்த பரிவோடு, "வாட்டர் ஆல்சோ வாண்ட் டு வாட்ச் டிவி லா, அங்கிள்" என்றார். எனக்கு வந்த கோபம் சிரிப்பில் கரைந்துபோயிற்று. (தரையை மறுபடி உடைத்துப் போட மூன்று வாரம் ஆனது, அது வேறு கதை.) அன்று முதல் அந்தத் தொடரை நான் வெறும் கற்பனை என்று எண்ணியதில்லை.

புவா சூ காங் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் ஒரு வாசகம் உண்டு. சிங்கப்பூரிலேயே சிறந்தவர், ஜோகூர் பாருவிலும் சிறந்தவர், பாத்தாமிலும்தான் என்று சிலர் சொல்கிறார்கள் என்பது அதன் பொருள். பாலத்தைத் தாண்டினால் மலேசியாவின் ஜோகூர் பாரு, படகு ஏறினால் இந்தோனேசியத் தீவான பாத்தாம். ஒரு சின்னத் தீவுக்காரரின் உலகம் எவ்வளவு தூரம் விரிகிறது என்பதற்கு இதைவிடத் துல்லியமான நிலப்படம் கிடையாது. விமான நிலையத்தில் முதலிடம், துறைமுகத்தில் முதலிடம், மாணவர் தேர்ச்சியில் முதலிடம் என்று தரவரிசைகளைப் பார்த்தே வளர்ந்த நாடு நம்முடையது. அந்தப் பழக்கத்தை ஓடு பதிக்கிறவரின் வாயில் வைத்து, கடைசியில் 'சிலர் சொல்கிறார்கள்' என்ற ஒரு சிறு தயக்கத்தையும் சேர்த்தபோது, பெருமையும் அந்தப் பெருமையைப் பற்றிய கேலியும் ஒரே மூச்சில் வந்துவிட்டன. வெளிநாட்டு நண்பருக்கு அந்த வாசகத்தை மொழிபெயர்த்துச் சொன்னால் அவர் மரியாதைக்குப் புன்னகை செய்வார். பாத்தாம் என்ற பெயரைக் கேட்டவுடனே சிரிப்பவரிடம் கடவுச்சீட்டைக் காட்டச் சொல்ல வேண்டியதில்லை.

இனி 1999-க்கு வருகிறேன். அந்த ஆண்டு தேசிய தினப் பேரணி உரையில் அன்றைய பிரதமர் திரு கோ சோக் டோங் இந்தத் தொடரின் பெயரைச் சொல்லியே பேசினார். மாணவர்கள் சுற்றிலும் தொலைக்காட்சியிலும் கேட்கும் சிங்கிலிஷ் (சிங்கப்பூரின் கலப்புப் பேச்சு ஆங்கிலம்) அவர்களது ஆங்கிலத்தைக் கெடுக்கிறது என்றும், 'டோண்ட் பிரே பிரே' (விளையாட்டாக எண்ணாதே) போன்ற வாசகங்களை வகுப்பறையிலும் சொல்கிறார்கள் என்று ஆசிரியர்கள் முறையிடுகிறார்கள் என்றும் குறிப்பிட்டார். அதன் பிறகு புவா சூ காங் கதையிலேயே ஆங்கில வகுப்புக்கு அனுப்பப்பட்டார். அடுத்த ஆண்டு, 2000-இல், நல்ல ஆங்கிலம் பேசுவோம் இயக்கம் தொடங்கியது. ஒரு கற்பனைப் பாத்திரம் நாட்டின் தலைவரிடமிருந்து வீட்டுப்பாடம் வாங்கிய கதை வேறெங்கும் நடந்திருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

உண்மையைச் சொன்னால், அன்று நான் கைதட்டியவர்களில் ஒருவன். தமிழாசிரியராக இருந்த எனக்கு அதே தொல்லை வேறு வடிவில் இருந்தது. உயர்நிலை இரண்டில் ஒரு மாணவன் கட்டுரையில், "நான் அவனிடம் போகாதே லா என்று கூறினேன்" என்று எழுதியிருந்தான். சிங்கப்பூர்ப் பேச்சில் வாக்கிய முடிவில் ஒட்டிக்கொள்ளும் அந்த 'லா'வைச் சிவப்பு மையால் வட்டமிட்டு அரை மதிப்பெண் குறைத்தேன். தேர்வுத்தாள் என்ற அளவில் அதை இன்றும் தவறு என்றே சொல்வேன். வேலைக்கு விண்ணப்பம் எழுதத் தெரியாத பிள்ளைக்குச் சிங்கிலிஷ் சோறு போடாது. ஆனால் தொடரை நான் அப்போது கூர்ந்து பார்க்கவில்லை. அந்த வீட்டுக்குள்ளேயே மொழிச் சண்டை நடந்துகொண்டுதான் இருந்தது. தம்பி சூ பெங் கட்டடக் கலைஞர். அவருடைய மனைவி மார்கரெட் மேட்டுக்குடி ஆங்கிலம் பேசி, அண்ணனின் பேச்சைக் கேட்டு முகம் சுளிப்பவர். கதை எழுதியவர்கள் பெரும்பாலும் நம்மைச் சிரிக்க வைத்தது மார்கரெட்டின் முகச்சுளிப்பைப் பார்த்து. நம் அன்பைப் பெற்றதோ காலணிக்காரர். எந்த மொழி பேசினால் மேலேறலாம், எந்த மொழி பேசினால் வீட்டு ஆள் ஆகலாம் என்ற கேள்வி ஒரே சோபாவின் இரண்டு முனைகளில் உட்கார்ந்திருந்தது.

இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. மாண்டரின் பேசுவோம் இயக்கம் 1979-இல் தொடங்கிய பிறகு, ஹொக்கியன், கேண்டனீஸ் ஆகிய பிற சீன மொழி நிகழ்ச்சிகள் தொலைக்காட்சியிலிருந்து படிப்படியாக விலக்கப்பட்டன. வாசல் வழியாக வெளியே போன ஹொக்கியன், குத்தகையாளரின் சிங்கிலிஷில் தொற்றிக்கொண்டு சன்னல் வழியாக வரவேற்பறைக்குத் திரும்பி வந்தது. எங்கள் மாடியில் இருந்த சீனப் பாட்டி ஆங்கிலம் அறியாதவர். ஆனால் அந்த நேரத்தில் அவர் வீட்டுத் தொலைக்காட்சியின் சத்தம் மட்டும் கூடும்.

பிரதமரின் உரைக்கு நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு சார்ஸ் வந்தது. இங்கு 238 பேருக்கு நோய் கண்டு 33 பேர் இறந்த அந்த 2003-ஆம் ஆண்டில், கைகழுவுவதையும் கண்ட இடத்தில் துப்பாமல் இருப்பதையும் மக்களுக்குச் சொல்ல யாரை அழைத்தார்கள்? அதே புவா சூ காங்கை. அவர் ஒரு ராப் பாட்டுப் பாடினார். பிறகு கொவிட் வந்தபோது, தொடர் முடிந்து 14 ஆண்டுகள் ஆகியும், 2021-இல் தடுப்பூசி போட்டுக்கொள்ளச் சொல்லும் அரசாங்கக் காணொளியில் அதே மச்சத்தோடும் மஞ்சள் காலணியோடும் அவரே வந்தார். தலைப்பிலேயே 'ஸ்டெடி பொம் பி பி' (அலட்டாமல் நிதானமாக) என்ற அசல் சிங்கிலிஷ். இதை முரண் என்று கிண்டல் செய்வது எளிது. நான் அப்படிப் பார்க்கவில்லை. உயிருக்கு ஆபத்து என்று வரும்போது மக்கள் யார் வாயால் சொன்னால் கேட்பார்கள் என்பதை அரசாங்கம் சரியாகத் தெரிந்து வைத்திருந்தது என்றே கொள்கிறேன். கண்டித்தபோது அதைப் பிழையான பேச்சு என்றார்கள், அவசரத்தில் அதையே நம் பேச்சு என்று ஏற்றுக்கொண்டார்கள்.

அந்த 'லா'வைப் பற்றித் தமிழாசிரியர் என்ற முறையில் சிறிது சொல்ல அனுமதியுங்கள். பொருள் தராத ஒலி, மொழிக்கு ஒட்டிக்கொண்ட அழுக்கு என்று அதைப் பலர் கருதுகிறார்கள். தொல்காப்பியம் இடைச்சொற்களைப் பற்றிக் கூறுமிடத்தில் அசைநிலைக்கு ஓர் இடம் கொடுத்து, எதிரில் இருப்பவரை நோக்கிப் பேசும்போது வரும் 'மியா, இக, மோ, மதி, இகும், சின்' ஆகிய ஆறையும் முன்னிலை அசைச்சொற்கள் என்று பெயர் சொல்லிப் பட்டியலிட்டிருக்கிறது. குறுந்தொகைத் தலைவன் தும்பியிடம் 'மொழிமோ' என்கிறானே, அந்த 'மோ'வை எடுத்துவிட்டால் பொருள் குறையாது, குழைவு குறைந்துவிடும். கூட வாடா என்று நண்பனை இழுப்பவன் சொல்லும் 'கம் லா'வில் உள்ள 'லா'வும் அதே வேலையைத்தான் செய்கிறது. 'பிளே பிளே' என்பதன் திரிபான 'பிரே பிரே' என்பதும் அப்படியே. மலாய் மொழியில் 'மைன் மைன்' என்று இரட்டிப்பதை ஆங்கிலச் சொற்களில் செய்திருக்கிறார்கள், நம் இலக்கணத்தில் அடுக்குத்தொடருக்கு இடம் உண்டு என்பதால் தமிழ்க் காதுக்கு அது உறுத்துவதும் இல்லை. ஓய்வுபெற்ற பின்புதான் இது எனக்கு உறைத்தது. அந்த மாணவனிடம் அரை மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுக்கும் எண்ணம் இல்லை என்றாலும், அது இலக்கணமே இல்லாத சொல் என்று அன்று வகுப்பில் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

இதுவரை சொன்னது இனிப்பான பக்கம். சிரிப்பு ஒரு கூட்டத்தை 'நாம்' என்று சேர்க்கும்போதே, வேறு சிலரை 'அவர்கள்' என்று ஒதுக்கியும் வைக்கிறது. ஒளிவழி 5-இல் 2007-இல் தொடங்கிய 'தி நூஸ்' என்ற போலிச் செய்தி நிகழ்ச்சியை நானும் விரும்பிப் பார்த்தவன்தான். ஆனால் அதில் மக்கள் அதிகம் சிரித்த பாத்திரங்களில் ஒன்று பிலிப்பீன்ஸ் பணிப்பெண், இன்னொன்று சீனாவிலிருந்து வந்த பெண். அவர்களது உச்சரிப்பே நகைச்சுவை. அவர்கள் கூர்மையான புத்திசாலிகளாகவும் காட்டப்பட்டார்கள், உள்ளூர்க்காரரையும் பதிலுக்கு மட்டம் தட்டினார்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் நம் உச்சரிப்பைக் கேட்டு நாம் சிரிப்பதும், சம்பளத்துக்கு நம்மை நம்பியிருப்பவரின் உச்சரிப்பைக் கேட்டு நாம் சிரிப்பதும் ஒன்றல்ல.

நம் சமூகத்துக்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். இணையத்தில் வெளியான உள்ளூர்த் தொடர் ஒன்றில் சீன நடிகரின் முகத்தில் கருமை பூசியதற்காக 2016-இல் தேசிய ஒளிபரப்பு நிறுவனமான மீடியாகார்ப்புக்கு 5,500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அபராதம் விதிக்கப்பட்டது. 2019-இல் மின்னணு முறையில் பணம் செலுத்துவதற்கான விளம்பரம் ஒன்றில், பெண் வேட நகைச்சுவையால் பெயர் பெற்ற நடிகர் ஒருவர் நான்கு பேராக வந்தார். அந்த நால்வரில் கருமை பூசப்பட்டு 'கே. முத்துசாமி' என்ற பெயர் அட்டை மாட்டியவரும் ஒருவர். முத்துசாமியாக நடிக்க ஒரு முத்துசாமி இந்த ஊரில் கிடைக்கவில்லையா என்ற கேள்விதான் என் வீட்டில் எழுந்தது. இங்கே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி உண்டு. பஞ்சாபித் தந்தைக்குப் பிறந்த குர்மிட் சிங் சீனக் குத்தகையாளராக நடித்தபோது ஏன் யாரும் புண்படவில்லை? அவருடைய தாய்வழியில் சீன மரபும் உண்டு என்பது ஒரு பதில். அதைவிட முக்கியமான பதில், அவர் அந்த மனிதருக்குப் 10 ஆண்டுகள், ஒரு மனைவி, ஒரு தாய், கடன், பயம், தொழில் கர்வம் எல்லாம் கொடுத்து ஒரு முழு வாழ்க்கையை வாழ்ந்து காட்டினார் என்பது. முத்துசாமிக்குக் கிடைத்தது சட்டையில் ஓர் அட்டை. மேலும், மக்கள் தொகையில் பெரும்பான்மையினரைப் போல நடிக்கும் சிறுபான்மையினரால் யாருடைய வேலையும் பறிபோவதில்லை. நூற்றுக்கு ஒன்பது பேராக இருக்கும் இந்தியரின் வேடத்தையும் மற்றவரே போட்டுக்கொண்டால் அந்த ஒன்பது பேருக்கு மேடையில் மிச்சம் என்ன இருக்கும்?

பிறரை மட்டும் குறை சொல்லி நிறுத்துவது நேர்மையாகாது. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வட்டாரச் சமூக மன்றத் தீபாவளி விருந்துக்கு நான் ஒரு சிறு நகைச்சுவை நாடகம் எழுதினேன். அதில் 'ஊரிலிருந்து வந்தவர்' என்று ஒரு பாத்திரம், எம்ஆர்டி ரயில் கதவு தானாகத் திறப்பதைப் பார்த்துப் பதறுவார், எதற்கெடுத்தாலும் "எங்க ஊர்ல..." என்று இழுப்பார். அரங்கம் குலுங்கியது. அன்று ஒலிபெருக்கி வேலைக்கு வந்திருந்த திருச்சிப் பையன் ஒருவன் கம்பிகளைச் சுருட்டிக்கொண்டே என்னிடம், "சார், நல்லா இருந்துச்சு. நாங்க அப்படியா சார் பேசுறோம்?" என்று கேட்டான். குரலில் கோபம் துளியும் இல்லை. அவன் தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். மூன்று தலைமுறைக்கு முன் அதே மாவட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவரின் பேரன் நான். நான் சிங்கப்பூர்க்காரன் என்று காட்டிக்கொள்ள எனக்கு அன்று அகப்பட்டவன் அவன்தான்.

இப்போது பேத்தியின் கேள்விக்கு வருகிறேன். நம் வீடு மாதிரி வீடு, நம்முடைய தமிழ் நகைச்சுவையில் அல்லவா முதலில் வர வேண்டும்? தமிழ் ஒளிவழியில் திறமையான நடிகர்களுக்குப் பஞ்சமில்லை. என் குறை உரையாடலைப் பற்றியது. பாத்திரங்கள் ஒன்று செய்தியறிக்கை போலப் பேசுகின்றன, அல்லது கோலிவுட் நகைச்சுவை நடிகரின் குரலையும் கையசைப்பையும் இரவல் வாங்கிப் பேசுகின்றன. புளோக்கின் கீழ்த்தளத்தில் நான் தினமும் கேட்கும் தமிழ் இரண்டுமல்ல. 2005-இல் தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு, திருத்தமான பேச்சுத் தமிழை வகுப்பறைக்குள் கொண்டுவரப் பரிந்துரைத்தது. பள்ளிக்கே பேச்சுத் தமிழ் வந்த பிறகும் கேலி நாடகம் எழுத்துத் தமிழில் மூச்சுத் திணறுவானேன்?

எங்கள் உணவங்காடி நிலையத்தில் காலை ஏழு மணிக்கு ஒரு மேசையைக் கவனியுங்கள். இடம் பிடித்ததற்கு அடையாளமாக மேசை மேல் ஒரு டிஷ்யூ பாக்கெட். ஓய்வுபெற்ற துறைமுக ஊழியர் இருவர். "மச்சான், ஒனக்கு தே-ஓ கோசோங்கா, இல்ல கோப்பி-சி சியூ டாயா?" என்று ஒருவர் கேட்கிறார். பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீரா, சர்க்கரை குறைத்த பால் காப்பியா என்பது கேள்வி. 'கோசோங்' மலாய், 'சியூ டாய்' சீனம், 'மச்சான்' நம்முடையது, கேள்வியைக் கட்டியிருக்கும் 'ஆ'வும் நம்முடையது. மலாய்க்காரர் கடையைக் 'கெடாய்' என்கிறார், கப்பலைக் 'காப்பால்' என்கிறார், பெட்டியைப் 'பெத்தி' என்கிறார். பல நூற்றாண்டுகளாகக் கொடுத்த கடனைத்தான் அந்த மேசையில் நாம் சில்லறையாகத் திரும்பப் பெற்றுக்கொண்டிருக்கிறோம். அந்த ஒரு கேள்வியைக் கேட்டால் பேசியவர் சென்னைக்காரரும் அல்லர், கோலாலம்பூர்க்காரரும் அல்லர் என்று என்னால் சொல்லிவிட முடியும். அதைத் திரையில் நான் கேட்டதே அபூர்வம்.

எனவே தமிழ்த் தொடர் எழுதும் இளைஞர்களுக்கு உங்கள் நாளிதழ் வழியாக என் வேண்டுகோள் ஒன்றுதான். பாத்திரம் கோப்பி வாங்கும் காட்சியை எழுதும்போது அந்த மேசையில் ஒரு வாரம் உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள். செம்மைப்படுத்துகிறவர்கள் அதில் வரும் 'கோசோங்'கை 'சர்க்கரை இல்லாத' என்று திருத்தாமல் இருக்கட்டும்.

நானும் அந்தத் தீபாவளி நாடகத்தை மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறேன். ஊரிலிருந்து வந்தவர் இந்த முறை எம்ஆர்டி கதவுக்குப் பயப்படுவதில்லை. மூன்றே மாதத்தில் கோப்பி வகைகளையெல்லாம் மனப்பாடம் செய்துவிட்டு, இங்கேயே பிறந்த என் போன்ற கிழவருக்குத் திருத்தம் சொல்கிறார். முதல் காட்சியில் அவர் கடைக்காரரிடம், "தே-ஓ கோசோங் ஒண்ணு, லா" என்கிறார். படித்துப் பார்த்த என் மனைவி, கடைக்காரரிடம் ஆர்டர் சொல்லும்போது யாரும் 'லா' போட மாட்டார்கள், காசு கொடுக்க இரண்டு பேரும் மல்லுக்கு நிற்கும்போதுதான் அது வரும் என்கிறார். அவர் சொல்வதுதான் சரி என்று தோன்றுகிறது. மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
அங் மோ கியோ, சிங்கப்பூர்